மொய் நோட்டை வைத்து அர்ரேயும் லிங்க்டு லிஸ்ட்டும் கற்றுக்கொள்வது எப்படி?

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி பக்கத்து வீடுகளில் நிலப் பத்திரத்துக்கு அடுத்தபடியாகப் பீரோவில் பூட்டி வைக்கப்படுவது மொய் நோட்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை அந்த நீள நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான், அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வார்கள். அனுபவமுள்ள ஒருவர் மொய் எழுத உட்கார்ந்தால் இரண்டு காரியங்களைச் செய்வதைக் கவனிக்கலாம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடும் மேளத்தோடும் வந்து சேர்வதற்குள் மண்டபத்தில் நூறு பேராவது மொய் எழுதிவிடுவார்கள் என்பதால், முதல் பக்கத்தின் முதல் சில வரிகளை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் அவர் எழுதத் தொடங்குவார். ஊர்வாரியாக எழுதுகிறவராக இருந்தால், ஒவ்வோர் ஊருக்கும் சில பக்கங்களை ஒதுக்கி, அவை நிரம்பியதும் கடைசி வரியின் கீழே ‘தொடர்ச்சி 47ஆம் பக்கம்’ என்று குறித்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குத் தாவிவிடுவார்.

கணினியின் மெமரியில் தரவுகளை வரிசையாகச் சேமிக்கும் இரண்டு அடிப்படை முறைகளும் இந்த நோட்டிலேயே இருக்கின்றன. வரிகளை அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போவது அர்ரே. ‘தொடர்ச்சி இன்ன பக்கம்’ என்று சுட்டிவிட்டுத் தாவுவது லிங்க்டு லிஸ்ட். பாடநூல்கள் அர்ரேயை ‘அணி’ என்று சொல்கின்றன, நல்ல சொல்தான். ஆனால் மதுரைக் கல்லூரி ஆய்வகங்களிலும் நேர்முகத் தேர்வுகளிலும் உங்கள் காதில் விழப்போவது அர்ரே, லிங்க்டு லிஸ்ட், பாயிண்டர் என்ற சொற்களே என்பதால், அவற்றையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

இந்த வழிகாட்டியைப் பின்பற்ற ஏதாவது ஒரு கணினி மொழியில் லூப் எழுதத் தெரிந்திருந்தால் போதும். ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் கட்டாயம் வேண்டும். மாலை நேரத்தில் மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகிறவன் என்ற முறையில் நான் கண்டது, தாளில் முகவரி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் ஒரு மாலையில் புரிந்துவிடுகிறது; ஒப்பீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறது.

முதல் படி: அர்ரேயைத் தாளில் வரையுங்கள்

மெமரி என்பது வரிசை எண் போட்ட மிக நீண்ட நோட்டு. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே முகவரி. சி மொழியில் ஒரு முழு எண் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 4 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆறு பேர் வைத்த மொய்த் தொகைகளை எடுத்துக்கொள்வோம்: 501, 1001, 201, 5001, 101, 2001. அர்ரே 1000 என்ற முகவரியில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், இந்த ஆறும் முறையே 1000, 1004, 1008, 1012, 1016, 1020 ஆகிய முகவரிகளில் அமரும். தாளில் ஆறு கட்டங்களை ஒட்டினாற்போல் வரைந்து, மேலே முகவரியையும் உள்ளே தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது ஆள் எவ்வளவு வைத்தார் என்று கேட்டால், கணினி முதல் மூன்று பேரைத் தொடுவதே இல்லை. தொடக்க முகவரியோடு, தாண்ட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையை 4ஆல் பெருக்கிக் கூட்டுகிறது: 1000 + 3 × 4 = 1012. அங்கே 5001 இருக்கிறது. நிரலில் நான்காவது ஆளின் சுட்டெண் (இண்டெக்ஸ்) 3 ஆக இருப்பதன் காரணமும் இதுவே. சுட்டெண் என்பது எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பதன் கணக்கு, முதல் ஆளை அடைய யாரையும் தாண்ட வேண்டியதில்லை, ஆகவே அவர் 0. ஆறு பேர் இருந்தாலும் ஆறு லட்சம் பேர் இருந்தாலும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான்.

இப்போது தாய்மாமன் வந்துவிட்டார், 10001 வைக்கிறார், அவர் பெயர் முதலில் வர வேண்டும், நாமோ இடம் விட்டு வைக்கவில்லை. அர்ரேயின் முடிவில் 1024 என்ற முகவரியில் ஒரு கட்டம் காலியாக இருப்பதாகக் கொள்வோம். ஆறு பேரையும் ஒவ்வொரு கட்டம் தள்ளி வைத்தாக வேண்டும். இந்த இடத்தில் புதியவர்களில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள் என்பதால், பென்சிலாலேயே செய்து பாருங்கள். முன்னாலிருந்து தள்ளத் தொடங்கினால், 1000இல் உள்ள 501ஐ 1004இல் எழுதும்போதே அங்கிருந்த 1001 அழிந்துவிடும். அடுத்து 1004இல் இருப்பதை 1008க்கு நகர்த்தும்போது அதுவும் 501தான். கடைசியில் பார்த்தால் வந்தவர்கள் எல்லாரும் 501 வைத்ததாக நோட்டு சொல்லும். ஆகவே பின்னாலிருந்து தொடங்க வேண்டும்: 2001ஐ 1024க்கு, 101ஐ 1020க்கு, 5001ஐ 1016க்கு என்று வரிசையாக நகர்த்தி, இறுதியில் காலியாகும் 1000இல் 10001ஐ எழுத வேண்டும். பந்தியில் நடுவே ஒருவரை உட்கார வைக்க, கடைசி இலைக்காரர் முதலில் நகர்ந்து கொடுத்தால்தான் மற்றவர்கள் நகர முடியும் என்பதைப் போல. ஆறு பேருக்கு ஆறு நகர்த்தல். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு நகர்த்தல்.

இரண்டாம் படி: அதே ஆறு பேரை லிங்க்டு லிஸ்ட்டில் போடுங்கள்

இங்கே ஒவ்வொரு தொகையும் தனித்தனிப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியை நோடு என்பார்கள். ஒவ்வொரு நோடிலும் இரண்டு அறைகள்: ஒன்றில் தொகை, மற்றொன்றில் அடுத்த நோடின் முகவரி. அந்த முகவரியைத் தாங்கும் அறையே பாயிண்டர், அதாவது நம் ‘தொடர்ச்சி 47ஆம் பக்கம்’. நோடுகள் மெமரியில் எங்கு வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கலாம். தாளில் இப்படி எழுதுங்கள்: 2400இல் 501, அடுத்தது 3120, 3120இல் 1001, அடுத்தது 2064, 2064இல் 201, அடுத்தது 2800, 2800இல் 5001, அடுத்தது 2208, 2208இல் 101, அடுத்தது 3616, 3616இல் 2001, அடுத்தது ஒன்றுமில்லை. ‘ஒன்றுமில்லை’ என்பதை 0 என்று குறிக்கலாம். இவற்றுக்கெல்லாம் வெளியே, முதல் நோடு 2400இல் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஒரு தனி அறை உண்டு. அதன் பெயர் ஹெட்.

நான்காவது ஆளைக் கண்டுபிடிக்க விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். 2400, 3120, 2064 ஆகிய மூன்றையும் திறந்து பார்த்தால்தான் 2800 என்ற முகவரி தெரியவரும். பெருக்கல் கணக்குக்கு இங்கே வழியே இல்லை.

ஆனால் தாய்மாமன் வரும்போது காட்சி மாறுகிறது. 2992இல் ஒரு புதிய நோடை உருவாக்கி, அதில் 10001ஐ எழுதி, அதன் பாயிண்டரில் 2400ஐ வைத்து, பிறகு ஹெட்டை 2992 என்று மாற்றினால் வேலை முடிந்தது; பழைய ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை. இந்த வரிசை முக்கியம். அவசரப்பட்டு ஹெட்டை முதலில் மாற்றிவிட்டால், 2400 என்ற எண் வேறெங்கும் எழுதப்படாமல் போய், மற்ற ஆறு பேரும் மெமரியில் இருந்தும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு முறையையும் தாளில் செய்து பார்த்து, ஹெட்டை அழிப்பானால் அழிக்கும்போது எந்த எண் காணாமல் போகிறது என்று கவனியுங்கள். இந்தப் பிழையைப் பிறகு வாழ்நாளில் செய்ய மாட்டீர்கள்.

நீக்குவதும் இப்படித்தான். 5001ஐ எடுக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய நோடான 2064இன் பாயிண்டரை 2800இலிருந்து 2208ஆக மாற்றினால் போதும். சி மொழியில் எழுதுகிறவர்கள் கழன்று விழுந்த 2800இன் இடத்தை மறக்காமல் மெமரிக்குத் திருப்பித் தந்து விடுவிக்க வேண்டும். ஜாவாவிலும் பைத்தானிலும் அதை மொழியே பார்த்துக்கொள்ளும்.

லிங்க்டு லிஸ்ட் என்ற இந்த முறை 1955, 1956ஆம் ஆண்டுகளில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் தங்கள் ஐபிஎல் (Information Processing Language) என்ற கணினி மொழிக்காக உருவாக்கியது. தேற்றங்களை நிறுவும் நிரலை அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பது முன்கூட்டித் தெரியாத வேலை அது. மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாமல் நோட்டில் ஊருக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறவருக்கு வரும் சிக்கலேதான்.

மூன்றாம் படி: தேடும் செலவையும் சேர்த்து எண்ணுங்கள்

‘லிங்க்டு லிஸ்ட்டில் நடுவில் சேர்ப்பது ஒரே அடியில் முடியும், அர்ரேயில் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்’ என்று நோட்ஸ்களில் ஒரு வரி இருக்கும். அதைப் பாதி உண்மை என்றுதான் சொல்வேன். சேர்க்க வேண்டிய இடம் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால் மட்டுமே அது ஒரே அடி. ‘எழுநூறாவது ஆளுக்குப் பின்னால் இவரைச் சேர்’ என்று சொன்னால், எழுநூறு நோடுகளைக் கடந்து போகும் நடையைக் கணக்கில் எழுதாமல் விட முடியாது. அர்ரேயில் அந்த இடத்தை உடனே அடைந்துவிட்டு, பின்னால் இருப்பவர்களை நகர்த்துகிறோம்; லிங்க்டு லிஸ்ட்டில் நடந்து போய்ச் சேர்ந்து, உடனே செருகுகிறோம். இரண்டிலும் உழைப்பு எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்கிறது. உழைக்கும் இடந்தான் வேறு.

தேடுவதிலும் இதே கவனம் வேண்டும். மொய்ப் பட்டியல் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், அர்ரேயில் நடுவைப் பார்த்து, பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவைப் பார்த்து என்று 1,500 பேரில் ஒருவரை அதிகபட்சம் 11 ஒப்பீட்டில் பிடித்துவிடலாம். லிங்க்டு லிஸ்ட்டில் ‘நடு’ எங்கே இருக்கிறது என்பதை அறியவே பாதி தூரம் நடக்க வேண்டியிருப்பதால், அடுக்கி வைத்தும் பெரிய பயனில்லை. அடுக்காத பட்டியல் என்றால் இரண்டிலும் ஒவ்வொருவராகத்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: இடத்துக்கான விலையைக் கணக்கிடுங்கள்

ஆறு தொகைகளுக்கு அர்ரே எடுத்துக்கொண்டது 24 பைட். 64 பிட் கணினியில் ஒரு பாயிண்டர் 8 பைட். தொகைக்கு 4, பாயிண்டருக்கு 8 என்று 12 வந்தாலும், பாயிண்டர் 8இன் மடங்கான முகவரியில்தான் அமர வேண்டும் என்பதால், இடையில் 4 பைட்டை வெறுமையாக விட்டு நோடு 16 பைட் ஆகிவிடும். ஆக, ஆறு நோடுக்கு 96 பைட். அதோடும் நிற்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் பொதுவாகப் பயன்படும் சி நூலகத்திடம் 16 பைட் கேட்டால், அது தன் கணக்கு வழக்குகளுக்கும் சேர்த்து 32 பைட்டை ஒதுக்கும். இப்போது 24க்குப் பதில் 192.

தரவு பெரியதாக இருந்தால் இந்த விலை அவ்வளவாக உறைக்காது. தொகைக்கு 4 பைட், பெயருக்கு 60, ஊருக்கு 60 என்று ஒரு மொய்ப் பதிவு 124 பைட் ஆனால், பாயிண்டரும் சேர்ந்து நோடு 136 பைட் ஆகும். கூடுதல் செலவு பத்து விழுக்காடு கூட இல்லை. எனவே ‘லிங்க்டு லிஸ்ட் மெமரியை விழுங்கும்’ என்று கேள்விப்பட்டால், எவ்வளவு பெரிய தரவுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த 60 என்ற எண்ணை நான் காரணத்தோடுதான் எழுதினேன். மடிக்கணினியும் சிறு பிரிண்டரும் வைத்து மொய் எழுதி, கையோடு ரசீது தருவது இப்போது நம் பக்கத்தில் பரவலாகிவிட்டது. உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்கு நான் முதன்முதலாக அப்படியொரு நிரல் எழுதியபோது, ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும் என்று நினைத்தேன். அர்ரேயில் பெருக்கல் கணக்கு செல்ல வேண்டுமானால் எல்லாப் பதிவும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்பதால், அளவை முன்பே தீர்மானிக்க வேண்டியிருந்தது. யூனிகோட் எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். நாம் ஓரெழுத்து என்று நினைக்கும் ‘து’, த என்றும் உகரக் குறி என்றும் இரண்டு குறியீடு. மதுரை என்ற பெயருக்கு ஐந்து குறியீடு, 15 பைட். மேலூருக்கு 18. சோதித்தபோது நான் அடித்துப் பார்த்த இரண்டு ஊர்களும் இவைதாம். உசிலம்பட்டிக்கு 11 குறியீடு, 33 பைட். சரத்தின் (எழுத்துத் தொடரின்) முடிவைக் காட்டும் 0க்கு ஒரு பைட் போக மீதி 19இல், ‘உசிலம்’ வரை 18 பைட்டில் அடங்கி, பகரத்தின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. வந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் உசிலம்பட்டிக்காரர்கள். எல்லார் ரசீதிலும் ‘உசிலம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம். பெரியவர் ஒருவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பேராண்டி, பட்டியை எங்கப்பா அடைச்சு வச்சிருக்க?’ என்று கேட்டார்.

இதற்குச் சரியான தீர்வு 20ஐ 60ஆக்குவது அன்று. அர்ரேயில் பெயரை வைக்காமல், பெயர் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் வைக்கலாம். முகவரிகள் எல்லாம் 8 பைட் என்பதால் பெருக்கல் கணக்கு குலையாது. பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வேறிடத்தில் தாராளமாக இருந்துகொள்ளும். பைத்தானின் லிஸ்ட் உள்ளுக்குள் இப்படிப்பட்ட அர்ரேதான். லிஸ்ட் என்ற பெயரைப் பார்த்து அதை லிங்க்டு லிஸ்ட் என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் எனக்குக் கிடைக்கிறார்கள்.

ஐந்தாம் படி: நிரம்பிய அர்ரே எப்படி வளர்கிறது என்று பாருங்கள்

அர்ரே நிரம்பிவிட்டால் பெரிய இடம் ஒன்றைப் பிடித்து, இருப்பதையெல்லாம் அங்கே பெயர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓரிடம் மட்டும் கூட்டினால், ஆயிரம் பேரை எழுதி முடிப்பதற்குள் 1 + 2 + 3 என்று 999 வரை கூட்டி, 4,99,500 முறை பெயர்த்து எழுதியிருப்பீர்கள். மாறாக 4 இடத்தில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டித்தால், 4 + 8 + 16 என்று 512 வரை கூட்டி, மொத்தம் 1,020 முறைதான். ஆளுக்கு ஒரு முறை பெயர்த்து எழுதிய கணக்கு. இதைத் தாளில் ஒரு தடவை கூட்டிப் பார்த்தவர்கள், அர்ரேயின் நீளம் மாறாது என்ற பயத்தை விட்டுவிடுவார்கள். ஜாவாவின் அர்ரேலிஸ்ட் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும், பைத்தானின் லிஸ்ட் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாகவும் வளர்கின்றன.

கேஷ் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயலி மெமரியிலிருந்து ஓர் எண்ணைக் கேட்டால், அதை மட்டும் எடுத்து வருவதில்லை. வழக்கமான கணினிகளில் 64 பைட்டை ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து தன் அருகிலுள்ள கேஷ் என்ற சிறிய, வேகமான மெமரியில் வைத்துக்கொள்ளும். அர்ரேயில் அப்படி அள்ளினால் 16 தொகைகள் ஒருங்கே வந்துவிடும். சிதறிய நோடுகளில் ஒவ்வொரு தாவலுக்கும் தனியாகப் போய் வர வேண்டியிருக்கலாம். மொத்தத் தொகையைக் கூட்டும்போது, எண்ணிக்கை அளவில் இரண்டும் ஒரே வேலை என்றாலும், கோடிக்கணக்கான பதிவுகளில் அர்ரே தெளிவாக முந்தும். ஆயிரத்து ஐந்நூறு பேர் மொய்யில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: உங்கள் கணினியிலேயே அளந்து பாருங்கள்

பைத்தானில் வெறும் லிஸ்ட் ஒன்றை எடுத்து, ஒரு லட்சம் எண்களை ஒவ்வொன்றாக முடிவில் சேர்த்து நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே ஒரு லட்சத்தை ஒவ்வொன்றாக 0ஆம் இடத்தில் செருகுங்கள். முதலாவது கண் இமைப்பதற்குள் முடியும். இரண்டாவது உங்களைக் காக்க வைக்கும். இரண்டு லட்சமாக்கினால் முதலாவதன் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும், இரண்டாவதன் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பைத்தானின் கலெக்ஷன்ஸ் தொகுப்பிலுள்ள டெக் (deque) என்ற இருமுனை வரிசையில் முன்பக்கமாகச் சேர்த்துப் பார்த்தால், அதுவும் இமைப்பொழுதில் முடிந்துவிடும்; ஆனால் அதன் நடுவிலுள்ள எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால் லிஸ்ட்டைவிடத் தடுமாறும்.

டெக்கின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் மொய் எழுதுகிறவரை நினைத்துச் சிரிப்பீர்கள். அது 64 இடங்கள் கொண்ட பக்கங்களாக இருக்கிறது. பக்கத்துக்குள் அர்ரே, பக்கத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் முன்னும் பின்னும் பாயிண்டர். வரிகளை அடுத்தடுத்து எழுதி, பக்கம் நிரம்பியதும் ‘தொடர்ச்சி’ போடும் அதே ஏற்பாடு.

ஏழாம் படி: தேர்ந்தெடுங்கள்

என் பழக்கம், காரணம் ஒன்று கிடைக்கும்வரை அர்ரேயோடு நிற்பது. வரிசையின் தலையிலேயே ஓயாமல் சேர்ப்பதும் எடுப்பதும் நடந்தால் டெக் போன்ற ஒன்றுக்கு மாறுவேன். ஒரு நோடின் முகவரி ஏற்கெனவே வேறொரு வழியாகக் கையில் இருந்து, அதை அடிக்கடி கழற்றி வேறிடத்தில் மாட்ட வேண்டியிருந்தால் லிங்க்டு லிஸ்ட்டை எடுப்பேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் எங்கு பார்த்தாலும் இருவழி லிங்க்டு லிஸ்ட் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊர் பெயரைச் சொன்னதும் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வர வேண்டுமானால் ஹேஷ் டேபிள் வேண்டும். அது இங்கே அடங்காது.

தாய்மாமன் சிக்கலுக்கு முதலில் நான் 0ஆம் இடத்தை நோட்டில் விடுவதுபோலக் காலியாக விட்டுப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர் என்பது மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இப்போதைய நிரலில், வந்தவர்களை வந்த வரிசையிலேயே அர்ரேயின் முடிவில் சேர்த்துக்கொண்டே போகிறேன். ஒவ்வொரு பதிவிலும் உறவுமுறைக்கு ஒரு பைட் இருக்கிறது, தாய்மாமனுக்கு 0, பங்காளிக்கு 1, மற்றவர்களுக்கு 2. இரவில் பட்டியலை அச்சிடும்போது மட்டும் அந்த பைட்டைப் பார்த்து அடுக்கிக்கொள்கிறது. விழா நடக்கும் நேரத்தில் ஒருவரையும் நகர்த்த வேண்டியதில்லை, எத்தனை மாமன்மார் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி.